மருந்து பிள்ளைக்கு, பத்தியம் அப்பாவுக்கு

“...அதனால மைக்க எங்கப்பா கையில குடுக்குறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிருங்க தாத்தா, நான் அன்னைக்கு பசறையில சித்தி வீட்டுக்குப் போயிர்றேன்.”

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கோயில் கமிட்டித் தலைவர் முத்தையா அண்ணனிடம் என் மகள் அபிநயா சொன்னது இது. அவளுக்கு இப்போது பத்து வயது ஆகப்போகிறது. முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். தலைவர் வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட்டை அப்படியே தட்டில் வைத்தார். நான் கூரைத் தகரத்தில் எத்தனை ஆணி இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்தேன். என் மனைவி செல்வி அவசரமாக அடுப்படிக்குப் போனாள். அங்கே ஒரு சட்டி விழுந்தது. (சிரிப்பை மறைக்க அவள் எப்போதும் சட்டியைத்தான் தள்ளுவாள்.)

தலைவர் வந்த காரியம் இதுதான். மாரியம்மன் திருவிழாவுக்கு நான்கு வருடமாக அறிவிப்புச் செய்துவந்த பையன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆகவே பழையபடி நானே மைக் பிடிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால்வரை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மைக் என்றால் நான்தான். ஓட்டுவது ஆட்டோ, ஊர் வைத்த பெயர் ‘ரேடியோ’. ஆட்டோவில் ஏறுகிறவர்கள் இறங்குகிற இடத்தைச் சொல்வதற்குள் நான் இரண்டு கதை சொல்லி முடித்திருப்பேன். படித்தது எட்டாம் வகுப்புவரைதான். மிச்சத்தையெல்லாம் ஆட்களின் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டேன்.

எங்கள் லய வரிசையில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கிற பாக்கியம் அக்கா அடிக்கடி ஒன்று சொல்லும். “பேசிக் கெட்டவன் பேரு ஊருக்கே தெரியும். பேசாமக் கெட்டவன நீ பாத்திருக்கியா?” நான் அந்த முதல் வகை. எப்படிக் கெட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். (மகளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். தன் பெயரை மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். என்னைவிட உங்களத்தான் கூட கிண்டல் பண்ணணும் என்றாள். அதற்கு ஒன்றும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.)

*

அபிக்கு மூன்றரை வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது வயிற்றை இறுக்கிவிட்டுப் போனது. ஒருநாள் கல்லாக இறுகி வந்ததில் பிள்ளைக்கு வலித்து, துளி இரத்தமும் பட்டுவிட்டது. அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் போவதில்லை. எங்கள் தோட்டத்துத் துரைமார் யாரும் அவ்வளவு உறுதியான முடிவு எடுத்து நான் பார்த்ததில்லை.

நான்கு நாள், ஐந்து நாள் என்று போகாமல் இருப்பாள். கேட்டால், “அது வருதுப்பா. நாந்தான் வேணாம்னு சொல்லிட்டேன்” என்பாள்.

போகிற இடமும் ஆசையாகப் போகிற மாதிரியா இருந்தது? லயத்துக்குப் பின்னால் பத்துப் படி இறங்கினால் வரிசையாகக் கக்கூஸ். நமுனுகுல மலைக் காற்று எந்த வழியாகவோ நுழைந்து, உட்கார்ந்தவர்களுக்குக் கீழேயிருந்து மேலே வீசும். பெரியவன் நானே கடன் வாங்கப் போகிறவன் மாதிரித் தயங்கித் தயங்கித்தான் போவேன். நாலு வயதுப் பிள்ளை, உள்ளே விழுந்துவிடுவோம் என்று பயந்தது.

சாப்பாடோ, காலையில் கோதுமை ரொட்டியும் சம்பலும். நடுவில் பால்மாத் தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட். சாயங்காலம் மறுபடி ரொட்டி. வெலிமடையிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு லொறி லொறியாக இறங்கிப் போவதை நான் ஆட்டோ நிறுத்தும் சந்தியிலிருந்து தினமும் பார்த்துக் கை காட்டுவேன். அதில் ஒரு கட்டு வாங்கி வீட்டுச் சட்டியில் போடலாம் என்று தோன்றியதில்லை.

அபி திடீரென்று விளையாட்டை விட்டுவிட்டு, கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் விறைத்து நிற்பாள். முகம் சிவந்துவிடும். உடனே நாங்கள் ஓடிப்போய்ச் சுற்றி நின்று, “முக்குடா தங்கம், இன்னும் கொஞ்சம், விடாத” என்று உற்சாகப்படுத்துவோம். அவள் வெளியே தள்ளத்தான் பாடுபடுகிறாள் என்று நினைத்தோம். உண்மையில் வருகிறதை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கோல் போடு, கோல் போடு என்று கத்திக்கொண்டிருந்தோம். பிள்ளையோ கோல் கீப்பர்.

சில நாள் ஜட்டியில் கொஞ்சம் கசிந்திருக்கும். “இவ்வளவு பெரிய புள்ள, வெக்கமா இல்லையா” என்று திட்டியிருக்கிறோம். இந்தக் கட்டுரையில் எனக்குச் சிரிப்பு வராத இடம் இது ஒன்றுதான். அது அவளுக்கே தெரியாமல் நடப்பது என்று பின்னால்தான் அறிந்தோம்.

லயம் முழுக்க வைத்தியர்கள். பாக்கியம் அக்கா விளக்கெண்ணெயோடு வரும். கடைசிக் காம்பரா பெரியசாமி அண்ணன் வெற்றிலைக் காம்பை எண்ணெயில் நனைத்துக்கொண்டு வருவார். அவரைக் கண்டாலே அபி அலுமாரிக்குப் பின்னால் போய்விடுவாள். டிஸ்பென்சரியில் சிரப் மாதிரி ஒரு பாணி மருந்து தந்தார்கள். இரண்டு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு, “இது வேலைக்கு ஆவாது” என்று நானே நிறுத்திவிட்டேன். மருந்தைவிட எனக்குக் கேள்வியில்தான் நம்பிக்கை. காலையில் எழுந்ததும் கேட்பேன், போனியா? ஆட்டோவை நிறுத்திவிட்டு மத்தியானம் வந்து கேட்பேன், போனியா? புள்ளக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மாவும் கேட்கும். கொழுந்துக்குப் போகிற பெண்கள் கூடையோடு நின்று கேட்பார்கள். எங்கள் லயத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் வழக்கம். அபிக்கு மட்டும் அந்த வழக்கம் மாறிவிட்டது. அவளிடம் யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

*

அந்த வருடத் திருவிழா நெருங்கியபோது அபி எட்டு நாளாகப் போகவில்லை. செல்வி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். போகாத நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேங்காய். எட்டுத் தேங்காய் சேர்ந்துவிட்டது. எனக்குப் பிள்ளையின் கவலை ஒரு பக்கம், இப்படியே போனால் தேங்காய்க்குக் குருநாகலில் தோட்டம் வாங்க வேண்டிவருமோ என்ற கவலை இன்னொரு பக்கம்.

ஒன்பதாம் நாள், தேர் நாள் காலையில், விளக்கெண்ணெயும் பப்பாளிப்பழமும் வென்றன. ஒரு மணி நேரம் பிள்ளை செல்வியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது, வலித்து, கடைசியில் போனாள். அந்தச் செய்தி வரும்போது நான் கோயிலில் மைக் முன்னால் இருந்தேன். புதுச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. நான்கு திசைக்கும் நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். ஒன்று மேல் டிவிசனுக்கு, ஒன்று கீழ் டிவிசனுக்கு, ஒன்று தொழிற்சாலைப் பக்கம், மற்றது சந்திக்கடைப் பக்கம். மைக் கோயிலுடையது அல்ல, என் சொந்த மைக். பதுளையில் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதை எடுக்கும்முன் துண்டால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் பெயர், லய நம்பர், எத்தனை தேங்காய், என்ன காரணம் என்று எழுதித் தருவார்கள். நான் அதை மைக்கில் வாசிப்பேன். தப்பு மேளம் ஒரு அடி அடித்து ஓயும், பிறகு தேங்காய் உடையும். காரணத்தை விட்டுவிட்டு வாசிக்கக்கூடாது என்பது தலைவர் முத்தையா அண்ணனின் சட்டம். “அம்மன் என்னா செஞ்சான்னு சொல்லாம தேங்காய மட்டும் ஒடச்சா, ஊரு அவ சும்மா இருக்கான்னு நெனைக்காதா?” என்பார்.

செல்வி எட்டுத் தேங்காயோடு வந்தாள். சீட்டில் பெயர் இருந்தது, நம்பர் இருந்தது. காரணம் என்ற இடத்தில் ‘மகள் சுகம்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அறிவுள்ளவள்.

நான் அதை அப்படியே வாசித்திருக்கலாம். ஆனால் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு பெரியசாமி அண்ணன் நின்றார். போன வருடம் அவருக்கு மூலம் குணமானதற்கு ஐந்து தேங்காய் உடைத்தபோது, அவரும் ‘உடல் சுகம்’ என்றுதான் எழுதித் தந்திருந்தார். “பக்த கோடிகளுக்குத் தெளிவாக விளங்க வேண்டும்” என்று விளக்கமாகச் சொன்னது நான். இப்போது அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “சொல்லு தம்பி, விளங்கச் சொல்லு. ஊருக்கு ஒரு நியாயம், ஒனக்கு ஒரு நியாயமா?”

பயத்தில்தான் சொன்னேன் என்றால் பொய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கிக்கொண்டிருந்தது. என் பிள்ளை போய்விட்டாள் என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. துண்டால் மைக்கைத் துடைத்தேன். கண்ணில் ஒற்றினேன். விழாவுக்கென்று வைத்திருந்த தமிழை எடுத்தேன்.

“மெய்யன்பர்களே. கடந்த எட்டுத் தினங்களாக மலம் கழியாமல் பெரும் அவதிக்குள்ளாகியிருந்த எமது அருமைப் புதல்வி அபிநயா, அன்னையின் திருவருளால் இன்று காலை ஏழு மணி பத்து நிமிடமளவில், வெற்றிகரமாக, தாராளமாக, எவ்விதக் குறையுமின்றி...”

‘தாராளமாக’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தப்பு அடித்தது. எட்டுத் தேங்காயும் சிதறின. குழாய் ஸ்பீக்கரில் போன சத்தம் நமுனுகுல மலையில் முட்டி, நான் சொன்னது போதாதென்று கடைசி வார்த்தைகளை இன்னொரு தரம் சொன்னது. கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்புத்தான். ஆனால் ஐந்நூறு பேர் சேர்ந்து சிரித்தால் அது எந்தச் சிரிப்பு என்று நாலரை வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அபி புள்ளக்காம்பராப் பிள்ளைகளோடு முன்னால் வரிசையில் நின்றாள். பச்சைக் கவுன், கையில் பூத்தட்டு. பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் பூத்தட்டைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள். நேரே நடந்து வந்து, என் மேசைக்குக் கீழே புகுந்து, மேசைத் துணியை இழுத்து மூடிக்கொண்டாள். நான் குனிந்து பார்த்தேன்.

“வாம்மா, தேர் கெளம்பப் போவுது.”

“இனிமே போவ மாட்டேன்.”

“தேருக்கா?”

அவள் மேசைத் துணியை மறுபடியும் இழுத்து மூடினாள். தேருக்கில்லை என்று எனக்கு விளங்க மூன்று நாள் ஆனது.

*

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எனக்கும் அந்தக் குணம் இருந்திருக்கலாம்.

மூன்று நாள், ஐந்து நாள், எட்டு நாள். விளக்கெண்ணெயைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொண்டாள். பப்பாளியைத் தொடவில்லை. அந்த நாள்களில் ஊர் வேறு என்னைக் கொண்டாடியது. சந்திக்கடை முதலாளி மாத்தயா சிங்களவர், தமிழ் அரைகுறை. அவர்கூடக் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, “சிவா, மைக்ல கேட்டது. பேபி நல்லா போறதா?” என்றார். ஆட்டோவில் ஏறியவர்கள் எல்லாம் “தாராளமாக” என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். வீட்டில் ஒரு பிள்ளை வயிறு வீங்கி, சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தது.

பதினோராம் நாள் காலையில் வாந்தி எடுத்தாள். பாக்கியம் அக்கா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. அந்த அக்காவுக்கு எதற்கும் ஒரு பழமொழி இருக்கும். அன்றைக்கு ஒன்றுமே சொல்லவில்லை. “பதுளைக்குக் கொண்டு போ” என்றது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

பதுளை வரைக்கும் நான் பேசாமல் ஆட்டோ ஓட்டியது அன்றைக்குத்தான். பின் சீட்டில் செல்வி மடியில் பிள்ளை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு முனகல். அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே வந்தவனுக்கு, மேசைக்குக் கீழே கேட்ட அந்த ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

குழந்தைகள் டாக்டர் யாழ்ப்பாணத்து அம்மா. நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். வயிற்றை மெல்ல அமத்திப் பார்த்தார்.

“எத்தினை நாளாப் போகேல்லை?”

“பதினொரு நாள்ங்க டாக்டர். அதுக்கு முந்தி எட்டு நாள். அதுக்கு முந்தி...”

“கொஞ்சம் பொறுங்கோ. நான் பிள்ளையோட கதைக்கிறன்.” அவர் நாற்காலியை இழுத்து அபியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். “அம்மாச்சி, போகேக்கை நோகுதோ?”

அபி தலையாட்டினாள்.

“அதுக்குத்தானே அடக்கி வைச்சிருக்கிறீங்கள்?”

தலையாட்டினாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டாக்டரின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னாள். ஆனால் ரேடியோவின் மகள் அல்லவா, அவளுடைய இரகசியம் அடுத்த அறைவரை கேட்டது.

“போனா அப்பா மைக்ல சொல்லிருவாரு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “என்ன மைக்?”

நான் சொன்னேன். திருவிழா, சீட்டு, எட்டுத் தேங்காய், பெரியசாமி அண்ணன், எல்லாம். சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அறிவித்ததை அப்படியே சொல்லச் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். ‘தாராளமாக’ என்ற இடம் வந்ததும் அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. பக்கத்தில் நின்ற நர்ஸ் ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பிறகு டாக்டர் திரும்பி வந்தபோது முகம் சரியாக இருந்தது, கண்தான் ஈரமாக இருந்தது.

“தம்பி, இதில பிள்ளையின்ரை பிழை ஒண்டும் இல்லை. நொந்தது, பயந்தது, அடக்கினது. அடக்க அடக்க உள்ளுக்கை இறுகும். இறுகினால் இன்னும் நோகும். உடுப்பில பட்டாலும் ஏசாதேங்கோ, அது இறுகினதைச் சுத்திக் கசியிறது, பிள்ளைக்குத் தெரியாது. இப்ப உள்ளுக்கை இருக்கிறதை இளக்கி எடுப்பம். பிறகு ஒவ்வொரு நாளும் பாணி மருந்து. மாதக்கணக்காக் குடுக்க வேணும். சரியாப் போட்டுது எண்டு நீங்களா நிப்பாட்டக் கூடாது. தண்ணி, பழம், மரக்கறி நல்லாக் குடுங்கோ. பால்மாவையும் பிஸ்கட்டையும் குறையுங்கோ. சாப்பிட்ட உடனை ஒரு அஞ்சு பத்து நிமிசம் இருத்துங்கோ, காலுக்குக் கீழை ஒரு பலகை வையுங்கோ, தொங்கக் கூடாது. வந்தாலும் சரி, வராட்டிலும் சரி, இருந்ததுக்குக் கெட்டிக்காரி எண்டு சொல்லுங்கோ.”

“சரிங்க டாக்டர். காலையில எந்திரிச்சதும் போனியான்னு கேட்டுட்டு...”

“அதைத்தான் சொல்ல வாறன். நீங்கள் கேக்கப்படாது.”

“மத்தியானம்?”

“கேக்கப்படாது. ஆரும் கேக்கப்படாது. மருந்து பிள்ளைக்கு, பத்தியம் உங்களுக்கு.”

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். எல்லாம் இளகி வெளியேறியது. எப்போது, எவ்வளவு என்ற விபரங்களை இங்கே எழுதப்போவதில்லை. பத்தியம் இன்னும் நடக்கிறது.

*

வீட்டுக்கு வந்ததும் அபி என்னிடம் கையை நீட்டினாள்.

“மைக்கக் குடுங்க.”

“எதுக்கும்மா?”

“எங்கிட்ட இருக்கட்டும்.”

கொடுத்தேன். துண்டோடு, வயரோடு கொடுத்தேன். அவள் அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதற்குப் பிறகு கோயில் கமிட்டி வேறு மைக்கும் வேறு ஆளும் தேடிக்கொண்டது.

அடுத்த வேலை லயத்தின் வாயைக் கட்டுவது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். நான் பன்னிரண்டு காம்பராவுக்கும் போய், கதவு கதவாக நின்று, தணிந்த குரலில் கேட்டுக்கொண்டேன். தயவுசெய்து என் பிள்ளையிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். பாக்கியம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தது.

“வாயக் கட்டச் சொல்லி வந்திருக்கியா? அதுவும் நீயா?”

“ஆமாக்கா.”

“நரி வந்து கோழிக்கூட்டுக்குப் பூட்டு குடுக்குது” என்றது. ஆனால் கேட்கவில்லை, ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அது பட்ட பாடு எனக்குத் தெரியும். அபியைக் கண்டால் வாயைத் திறக்கும், மூடும், வெற்றிலையை எடுத்து அடைத்துக்கொள்ளும். பெரியசாமி அண்ணன் இரண்டு தரம் இருமிவிட்டுப் போய்விடுவார். கொழுந்துப் பெண்கள் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். பிள்ளையின் வயிறு இளக இளக, லயத்துக்கு வாய் இறுகியது.

செல்வி சட்டியில் கரட்டும் கீரையும் போட ஆரம்பித்தாள். நான் பதுளையிலிருந்து பிள்ளைகள் உட்காருகிற சிறிய பிளாஸ்டிக் பேசின் ஒன்று வாங்கி வந்தேன். பழைய பலகையை அறுத்துக் காலுக்கு ஒரு படியும் அடித்தேன். (ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். செல்வி அதற்குக் கீழே அட்டை மடித்து வைத்தாள்.) பின்பக்கச் சாய்ப்பில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டினோம். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அபி உள்ளே உட்காருவாள். வெளியே பலாக்கட்டையில் நான். செல்வி கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பாள், ஆகவே அது என் பொறுப்பு.

முதல் நாள் நான் கதை சொன்னேன். இரண்டாம் நாள் பாட்டுப் பாடினேன். மூன்றாம் நாள் திரைக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அப்பா, பேசாதீங்க. எனக்கு யோசிக்க முடியல.”

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. எனக்கு அது பழக்கமில்லாத வேலை. பத்து நிமிடம் சும்மா இருப்பது இவ்வளவு நீளம் என்று அதற்கு முன்பு எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன், காதில் விழுந்திருக்காது.

வராத நாள்களில், “நல்லா இருந்தீங்க, கெட்டிக்காரி” என்பேன். அவளும் “நீங்களும்பா” என்பாள்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, நல்ல மழை. தகரத்தில் பொரி பொரித்தது போல் சத்தம்.

“அப்பா, இருக்கீங்களா?”

“இருக்கேன்மா.”

“யாருக்கும் சொல்ல மாட்டீங்கல்ல?”

“மாட்டேன்.”

“பாக்கியம் பெரியம்மாவுக்கு?”

“மாட்டேன்.”

திரைக்குள் காலடிப் பலகை ஒருமுறை ஆடியது.

“அம்மனுக்கு?”

இந்த இடத்தில் நான் தடுமாறினேன். அம்மனுக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்று சொல்லி வளர்த்த பிள்ளை. ஆனாலும் சொன்னேன்.

“அம்மனுக்கும் சொல்ல மாட்டேன்.”

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது எனக்கும் அவளுக்கும் அந்த மழைக்கும் தெரியும்.

சாயங்காலம் செல்வி மலையிலிருந்து நனைந்துகொண்டு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்க்கும்முன் கண்ணாலேயே கேட்டாள். நான் நமுனுகுல மலையைப் பார்த்தேன்.

“எனக்குமா சொல்ல மாட்டீங்க?”

“சத்தியம் பண்ணிருக்கேன்.”

அவள் சாக்கை உதறி ஆணியில் மாட்டினாள். “பதினோரு வருசமா ஒங்ககூட இருக்கேன். ஒங்களுக்குள்ள ஒரு விசயம் தங்குனத இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றாள். (அவளுக்கு விளங்கிவிட்டது. அடுப்படியில் சட்டி உருண்டது.)

கதை அங்கேயே சுபமாக முடிந்தது என்று சொன்னால் பாக்கியம் அக்கா என்னைச் சும்மா விடாது. இரண்டாம் மாதம் நான் டாக்டராகிவிட்டேன். பிள்ளைதான் ஒழுங்காகப் போகிறாளே, இன்னும் எதற்குப் பாணி மருந்து என்று நிறுத்தினேன். பத்து நாளில் அபி மறுபடியும் கட்டில் காலைக் கட்டிப் பிடித்து நுனிக்காலில் நின்றாள். கிளினிக்குக்குப் போனபோது டாக்டர் அம்மா என்னைப் பார்த்து, “மைக்கோ?” என்றார். இல்லை, மருந்தை நிறுத்தினேன் என்றேன். “ரெண்டும் ஒண்டுதான்” என்று சொல்லிவிட்டுத் திரும்ப எழுதிக் கொடுத்தார். ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்தோம். அவர் சொல்லித்தான் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினோம். அபி பள்ளிக்கூடம் போகும்போது எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் போனாள்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் தங்கிவிட்டது. யாராவது யாரிடமாவது ஒரு இரகசியம் சொல்ல வேண்டுமென்றால், முதலில் “மைக் எங்க இருக்கு?” என்று கேட்பார்கள். “கட்டிலுக்கு அடியில” என்று பதில் வந்தால்தான் மேலே பேச்சு. என் மச்சினி கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோதும் அப்படித்தான் கேட்டாள். கோயிலிலும் ஒரு மாற்றம். அந்த வருடத்துக்குப் பிறகு சீட்டில் காரணம் எழுதுகிறவர்கள் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டார்கள். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

*

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை தலைவர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு, சமாதானமாகக் கேட்டார்.

“என்னா குட்டி, அஞ்சு வருசமாச்சு. இன்னமுமா அப்பா மேல நம்பிக்கையில்ல?”

அபி யோசித்தாள். உள்ளே போய்ப் பள்ளிக்கூடக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கதவுக்குப் பின்னால் நின்று ஏதோ எழுதினாள். மடித்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

“வாசிங்க, பாப்போம். மைக்ல வாசிக்கிற மாதிரி.”

விரித்தேன். திருவிழாச் சீட்டு மாதிரியே எழுதியிருந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“மெய்யன்பர்களே. ஐந்தாம் நம்பர் லயம், அபிநயா. ஒரு தேங்காய்.”

அதற்குக் கீழே காரணம் என்று போட்டு இரண்டு வரி இருந்தது. அவளுடைய குண்டுக் கையெழுத்து. கண்ணால் வாசித்தேன். வாய்வரை வந்தது. தலைவர் கழுத்தை நீட்டினார். பக்கத்துக் காம்பரா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாக்கியம் அக்காவின் கை நின்றது. அடுப்படியில்கூட சத்தமில்லை. நான் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“காரணம்?” என்றார் தலைவர்.

“எனக்குத் தெரியாதுண்ணே.”

அபி என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து டின் இழுபடும் சத்தம் கேட்டது. மைக்கை வெளியே எடுத்து, ஐந்து வருடத் தூசியைத் தன் பாவாடையால் துடைத்து, என் மடியில் வைத்தாள். வயரை மட்டும் சுருட்டித் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.